ராமநாதபுரம் கரையில் டைவிங் சிலிண்டர் வாடகைக்கு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயிலும் மாலத்தீவிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போன இடத்தில் டைவிங் கற்றுக்கொண்டு, லீவுக்கு ஊர் வரும்போது நம் கடலிலும் இறங்கிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறைய. ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களிலும் பலர் அதே ஆசையோடு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சிலிண்டரை எந்தக் கடையில் எடுக்கலாம்? இந்தப் பக்கத்தில் எந்தக் கடையின் பெயரும் இருக்காது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நீங்களே பார்த்து முடிவெடுக்க உதவும் கேள்விகளும் பதில்களும் இவை. வெளிநாட்டில் குகை டைவிங் படிக்கப் போகிறவர்கள் கேட்பதற்கும் நடுவில் பதில் உண்டு.

கடைக்குள் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கம்ப்ரசரை. சுவரில் மாட்டியிருக்கும் ஆமைப் படத்தையோ, வரிசையாக நிற்கும் மஞ்சள் சிலிண்டர்களையோ, விலைப் பட்டியலையோ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வாடகைக்கு எடுப்பது சிலிண்டர் என்றாலும், கடலுக்கடியில் உங்களுக்குள் போகப்போவது அந்தக் கம்ப்ரசர் பிடித்த காற்று.

"அண்ணே, காத்துப் பிடிக்கிற எடத்தை ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பின்கட்டுக்குக் கூட்டிப்போய், எண்ணெய் எப்போது மாற்றினோம், ஃபில்டர் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று எழுதி வைத்த நோட்டையும் எடுத்துக் காட்டுவார். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று பேச்சை மாற்றினால் வேறு கடை தேடுவதுதான் புத்தி.

உள்ளே போனால் காற்றை உறிஞ்சும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது கூரைக்கு மேலே, திறந்த வெளியில், காற்று வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். நம்மூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரைப் போடுவார்கள். அந்த ஜெனரேட்டர் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று புகை விட்டால், அந்தப் புகையையும் சேர்த்துத்தான் குழாய் இழுக்கும். சில கடைகளில் கம்ப்ரசரே பெட்ரோல் இன்ஜினில் ஓடும். காலையில் கடல் காற்று ஒரு பக்கமாக வீசும்போது இருக்கும் நிலைமை, மதியம் காற்று திரும்பியதும் மாறிவிடும். "கரண்ட் போனா எப்படிக் காத்துப் பிடிப்பீங்க?" என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே அந்தக் கடையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

புகை கொஞ்சம் கலந்தால் அவ்வளவு ஆபத்தா?

ஆபத்துதான். இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆழம் கூடக்கூட அதன் வேலையும் கூடும். தரையில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தால், 10 மீட்டர் ஆழத்தில் அது 20 பங்குக்குச் சமமாக உடம்பைத் தாக்கும். 30 மீட்டரில் 40. தலைவலி, குமட்டல், மந்தம் என்று தொடங்கும். கடலுக்கடியில் அதை உணர்வதற்குள் நினைவு தப்பலாம்.

ஐரோப்பிய டைவிங் காற்றுத் தரமான இ.என். 12021, கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் டைவிங் கடைகள் பின்பற்றும் கிரேடு ஈ தரத்தில் அது 10 பங்கு. கடையில் காற்றைப் பரிசோதித்த சான்றிதழ் இருக்கிறதா, அதில் என்ன தேதி என்று கேளுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டாலும் கையில் பிடிக்கும் மோனாக்சைடு மீட்டராவது வைத்திருக்கிற கடை, இதைப் பற்றிக் கவலைப்படுகிற கடை.

ஃபில்டர் விஷயத்தில் நம் கரைக்குத் தனிக் கணக்கு உண்டு. கம்ப்ரசர் நிறுவனங்கள் ஃபில்டரின் ஆயுளை 20 டிகிரி சூட்டை அடிப்படையாக வைத்துச் சொல்வது வழக்கம். நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருள் வெகு சீக்கிரம் நிறைந்துபோகும். ஈரம் ஏறிவிட்டால் எண்ணெய் வாடையைப் பிடிக்கும் கரியும், மோனாக்சைடை மாற்றும் வேதிப்பொருளும் சரியாக வேலை செய்யாது. அதனால் "கம்பெனி சொன்ன மணிக்கணக்குல மாத்துறோம்" என்பதைவிட, "நம்மூர் சூட்டுக்கு அதுக்கு முன்னாலயே மாத்திடுவோம்" என்று சொல்லும் கடைக்காரர்தான் தொழில் தெரிந்தவர்.

கடையில் நின்றபடியே காற்றைச் சோதிக்க வழி இருக்கிறதா?

ஓரளவுக்கு உண்டு. துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்து வால்வின் வாய்க்கு நேரே பிடியுங்கள். வால்வை லேசாகத் திறந்து சில நொடிகள் காற்றை விடுங்கள். துணியில் மஞ்சள் கறையோ, எண்ணெய்ப் பிசுக்கோ, ஈரமோ தெரிந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். அடுத்து, மெதுவாக விட்டு முகர்ந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு எந்த வாசனையும் இருக்காது. ரப்பர், எண்ணெய், புகை, ஈர இரும்பு, இதில் எது வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஆனால் மோனாக்சைடு இதிலெல்லாம் சிக்காது. வாசனை இல்லை என்பதால் மட்டும் காற்று நல்லது என்று ஆகிவிடாது.

சிலிண்டருக்குள் இருப்பது ஆக்சிஜன்தானே?

இல்லை. நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றைச் சுத்தம் செய்து அமுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். சுத்த ஆக்சிஜனைக் கடலுக்கடியில் 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் தருகிறவரிடமோ வெல்டிங் பட்டறையிலோ நிரப்பிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள சாதாரண டைவிங் சிலிண்டரில் சுத்த ஆக்சிஜனை ஏற்றினால் தீப்பிடிக்கவும் கூடும்.

ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் என்ற கலவை உண்டு. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சிலிண்டரில் கலவையின் அளவை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நீங்களே மீட்டர் வைத்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் கரையோரத்து ஆழம் குறைந்த இடங்களுக்கு அது தேவையே இல்லை.

சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்களில் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரின் வளையத்தில் எழுத்தும் எண்ணுமாக அடுத்த பரிசோதனைக் காலாண்டு எழுதியிருக்குமே, அதைப் பார்ப்பது போலத்தான் இதுவும். டைவிங் சிலிண்டரின் தோள் பகுதியில் தயாரித்த மாதமும் ஆண்டும், எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்பதும், கடைசியாக நீர் அழுத்தச் சோதனை நடந்த தேதியும் உலோகத்திலேயே குத்தியிருக்கும். அந்தச் சோதனையில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ கொடுத்து, உலோகம் எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பது இன்னொன்று. அதற்கு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உப்புக்காற்று அடிக்கும் நம் ஊரில் இந்த இரண்டாவது சோதனையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் நாட்டில் அழுத்தமேற்றிய சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளின் கீழ் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு அதைக் கவனிக்கிறது. "பெசோ அனுமதி உள்ள சிலிண்டரா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

ரொம்பப் பழைய அலுமினிய சிலிண்டர் என்றால் தயாரித்த ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். 6351 என்ற பழைய அலுமினியக் கலவையில் செய்த சிலிண்டர்களில் கழுத்துப் பகுதியில் மெல்ல விரிசல் ஓடி, சில வெடித்தும் இருக்கின்றன. 1980களின் கடைசியில் பெரிய நிறுவனங்கள் 6061 என்ற கலவைக்கு மாறின. 1990க்கு முந்தைய அலுமினிய சிலிண்டரை யாராவது தந்தால் மறுத்துவிடுங்கள்.

அலுமினியமா, ஸ்டீலா?

வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏ.எல். 80 எனப்படும் அலுமினிய சிலிண்டர். கொள்ளளவு 11.1 லிட்டர், அழுத்தம் 207 பார், வெறும் சிலிண்டரே 14 கிலோவுக்குப் பக்கத்தில். காற்று தீரத்தீர இது மிதக்கப் பார்க்கும். தொடக்கத்தில் லேசாக மூழ்கும் சிலிண்டர், முடிவில் கடல் நீரில் சுமார் 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையைக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீல் அப்படி மிதக்காது, ஆனால் துருப்பிடிக்கும். உள்ளே கொஞ்சம் உப்புத் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் நிரப்பியபடியே கிடந்த ஸ்டீல் சிலிண்டரில், துருவே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் சீசன் முடிந்து மூலையில் நின்ற ஸ்டீல் சிலிண்டர் என்றால் பழைய காற்றைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் என்னுடையது. கடைச் சிலிண்டரில் பொருந்துமா?

யோக், டின் என்று வால்வில் இரண்டு வகை. யோக் மேலே கவ்விப் பிடிக்கும். 232 பார் வரைக்கும்தான். டின் மரை போட்டு உள்ளே இறங்கும், இன்னும் உறுதி. நம் பக்கம் யோக்கே அதிகம் புழங்குகிறது. போவதற்கு முன்னால் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வால்வின் வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ தட்டையோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கேட்டால் ஒரு நொடியில் புதிது எடுத்துத் தரும் கடை நல்ல கடை.

மாட்டி முடித்ததும் ரெகுலேட்டரில் நாலைந்து முறை நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டே அழுத்தமானியைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். இழுக்கும்போது முள் இறங்கி, விடும்போது ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. படகில் அவசரமாகக் குதிக்கிறவர்கள் விட்டுவிடுகிற சோதனை இது.

200 பார் நிரப்பியாச்சு என்கிறார்கள். நம்பலாமா?

உங்கள் மானியில் பார்த்தபின் நம்பலாம், அதுவும் சிலிண்டர் ஆறிய பிறகு. வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். 50 டிகிரி சூட்டில் 200 பார் காட்டும் சிலிண்டர், 28 டிகிரி கடலில் இறங்கியதும் 186க்கு வந்துவிடும். தொட்டுப் பார்த்துச் சுடுகிறதென்றால் கொஞ்சம் பொறுத்திருந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,220 லிட்டர் காற்று. நிதானமாக மூச்சுவிடும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது 40 லிட்டர். 50 பார் மிச்சம் வைத்து மேலே வருவதென்றால் 40 நிமிடம் சுமாராகக் கிடைக்கும். பதற்றப்பட்டு மூச்சு வாங்கினால் இதில் பாதிகூடத் தேறாது.

எனக்கு டைவிங் கார்டு இல்லை. சிலிண்டரை மட்டும் வாடகைக்குத் தருவார்களா?

தந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் கார்டைக் கேட்டு, கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்றும் விசாரித்துவிட்டுத்தான் சிலிண்டரைத் தர வேண்டும். கார்டு இல்லாதவர்கள் பயிற்சியாளரோடு, அவர் கையெட்டும் தூரத்தில், 12 மீட்டருக்குள் அனுபவ டைவ் போகலாம். அதற்கும் உடல்நிலை பற்றிய படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். காதில் சீழ், ஆஸ்துமா, சளி எதையும் மறைக்காதீர்கள்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்த குடும்பம். எங்களுக்கும் பயிற்சி வேண்டுமா?

மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் கூடுதலாக வேண்டும். இதை மரியாதையோடும் அக்கறையோடும் சொல்கிறேன். கீழக்கரைப் பக்கம் மூச்சடக்கிக் குளிக்கிறவர்களுக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியாது. ஆனால் மூச்சடக்கும் அந்தப் பழக்கமே சிலிண்டரோடு இறங்கும்போது உயிருக்கு உலை வைக்கும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவரின் நுரையீரலில் இருப்பது கரையில் இழுத்த காற்று. கீழே போகப்போக அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கே வரும். ஆகவே விரிந்து கிழியும் ஆபத்தில்லை. சிலிண்டரிலிருந்து 10 மீட்டர் ஆழத்தில் இழுக்கும் காற்று ஏற்கெனவே இரண்டு மடங்கு அமுங்கியது. அதை நெஞ்சில் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும். இதற்குப் பெரிய ஆழமும் வேண்டாம். ஆளின் உயரத்துக்கும் குறைவான ஆழத்திலேயே நடந்துவிடும். சிலிண்டர் டைவிங்கில் முதல் பாடம் மூச்சை ஒருபோதும் பிடிக்காதே என்பது. சிறு வயதிலிருந்து பிடித்தே பழகிய உடம்புக்கு அதை மறக்கப் பயிற்சி தேவை.

இன்னொன்றும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சங்கு எடுக்கப் போகும் சிலர் படகில் கம்ப்ரசரை ஓட்டி, நீளக் குழாயில் வரும் காற்றைக் குடித்தபடி மணிக்கணக்கில் கீழே வேலை செய்கிறார்கள். அந்தக் கம்ப்ரசர் மூச்சுவிடுவதற்காகச் செய்ததல்ல. இன்ஜின் புகையும் எண்ணெயும் கலக்கும் ஆபத்து ஒரு பக்கம். நேரக் கணக்கில்லாமல் கிடந்துவிட்டு ஏறினால் மூட்டுவலியில் தொடங்கிக் கால் விழுந்துபோவது வரைக்கும் வரும் அழுத்த நோய் இன்னொரு பக்கம். அந்த வகைக் கம்ப்ரசரில் சிலிண்டருக்கும் காற்றுப் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் கரையில் குகை டைவிங் உண்டா?

கிடையாது. நம் கடலடி பவளம், மணல், கடல்புல், தட்டைப் பாறை. பாக் விரிகுடா முழுக்கவே ஆழம் குறைந்த கடல். பாறை இடுக்கையோ மூழ்கிய படகின் உட்புறத்தையோ காட்டி, குகை மாதிரி இருக்கும் வாருங்கள் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். தலைக்கு மேலே கூரை இருக்கும் எந்த இடமும், நேராக மேலே ஏறிவிடலாம் என்ற உங்கள் கடைசி வழியை அடைத்துவிடுகிறது.

வெளிநாட்டில் குகை டைவிங் படிக்கப் போகிறேன். அங்கே சிலிண்டர் கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலும் மெக்சிகோவின் துலும் பக்கமோ, அமெரிக்காவில் வடக்கு புளோரிடாவின் நீரூற்றுகளுக்கோ போவீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் குகைப் பயிற்சிக் கார்டை அவர்கள் கேட்கிறார்களா என்பது. சாதாரண டைவிங் கார்டுக்கு குகைச் சிலிண்டர் செட்டைத் தூக்கிக் கொடுக்கும் கடை உங்களைக் காப்பாற்ற நினைக்கவில்லை. புளோரிடாவில் பல குகை வாயில்களில் நீருக்கடியிலேயே எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே செத்தவர்களில் வெட்டவெளிக் கடலில் பயிற்சி கொடுக்கிறவர்களும் இருந்ததால்தான் அந்தப் பலகை.

அப்புறம், செட் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். குகைக்குள் ஒரு சிலிண்டர் போதாது. முதுகில் இரட்டைச் சிலிண்டர் என்றால் இரண்டையும் இணைக்கும் குழாயின் நடுவில் தனித்து மூடும் வால்வு இருக்க வேண்டும். ஒரு பக்கம் கசிந்தால் அதைத் திருகி மறுபக்கத்துக் காற்றைக் காப்பாற்றலாம். இரண்டு சிலிண்டர் வால்வு, நடுவிலுள்ள வால்வு என மூன்றின் திருகு குமிழையும் நீங்களே திருப்பிப் பாருங்கள், இறுகியிருக்கக் கூடாது. இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடும் முறை என்றால் இடது வால்வு ஒன்று, வலது வால்வு ஒன்று என ஜோடியாக வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்து வால்வாகத் தந்தால் ஒன்றின் குமிழ் உடம்போடு ஒட்டிக் கைக்கு எட்டாது. இணைப்பு டின் வகையாக இருக்கட்டும். கூரையில் இடித்தால் யோக் நகர்ந்து காற்று பீறிட வாய்ப்புண்டு.

நிரப்பும் அளவு இங்கேதான் உயிர்க்கணக்காகிறது. குகை டைவிங்கில் காற்றை மூன்றாகப் பிரிப்பார்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. 1970களில் அமெரிக்கரான ஷெக் எக்ஸ்லி குகை மரணங்களை ஒவ்வொன்றாக அலசி, வழிகாட்டிக் கயிறு இல்லாமல் போனதும், இந்த மூன்றில் ஒரு பங்கு விதியை மீறியதும், அளவுக்கு மீறிய ஆழமும்தான் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் என்று எடுத்துக் காட்டினார். 210 பார் இருந்தால் 70 பார் செலவானதும் திரும்ப வேண்டும். கடை 180தான் நிரப்பித் தந்தது என்றால் 60லேயே திரும்ப வேண்டும். கடலில் சில நிமிடம் குறைகிற விஷயம், அங்கே போகும் தூரத்தையே மாற்றிவிடும். கூட வருகிறவரின் சிலிண்டர் சிறியதாக இருந்தால் கணக்கு மறுபடி மாறும். அதனால் ஒரே அளவுச் சிலிண்டர்களை, ஒரே அழுத்தத்தில், குழுவில் எல்லோருக்கும் தரும் கடையைத் தேடுங்கள்.

புளோரிடாவில் 182 பார் அளவுக்குச் செய்த ஸ்டீல் சிலிண்டரை 240 பார் வரைக்கும் அடைத்துத் தரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எல்லோரும் செய்கிறார்கள் என்பார்கள். குத்தியிருக்கும் எண்ணுக்கு மேல் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னதும் முகம் சுளிக்காத கடையே மேல். இன்னொன்று, அங்கே நன்னீர். நம் கடலுக்குக் கட்டிய ஈயத்தில் 2, 3 கிலோ குறைக்க வேண்டியிருக்கும், அதுவும் ஸ்டீல் சிலிண்டர் என்றால் இன்னும் குறையும்.

காற்றை உள்ளே கொண்டுபோய் வைப்பதுகூட எவ்வளவு பெரிய வேலை என்பதை 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் உலகமே பார்த்தது. சிக்கிய சிறுவர்களுக்காகச் சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குணான் உயிரிழந்தார். பயிற்சி பெற்ற உடம்பும் மனமும் உள்ளவர் அவர்.

இங்கே எங்கே வேண்டுமானாலும் இறங்கலாமா?

முடியாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். முயல் தீவு, மனோலி, அப்பா தீவு என்று பெயர் சொல்லிக் கூட்டிப்போகிறேன் என்கிறவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். கடத்தல் நடக்கும் கரை என்பதால் சிலிண்டரோடு போகும் படகைக் கடலோரக் காவல் குழுமமோ கடலோரக் காவல்படையோ நிறுத்திக் கேட்பது சாதாரணம். அடையாள அட்டை, டைவிங் கார்டு, கடை ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும்.

அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் கடுமை. அங்கே டைவிங் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா சாதுவாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கினால் தலைகீழ். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் தண்ணீர் தெளியும். வருஷம் முழுக்க ஒரே இடத்தில் கூட்டிப்போகிறோம் என்கிற கடையைவிட, "இன்னைக்குக் கச்சான் பலமா இருக்கு தம்பி, நாளைக்கு வாங்க" என்று முன்பணத்தைத் திருப்பித் தருகிற கடையை நம்புங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்?

படகில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா, அதில் எத்தனை நிமிடத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது, யாருக்கு அதைக் கொடுக்கத் தெரியும் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். டைவிங் முடித்தவருக்கு மரத்துப்போதல், மூட்டுவலி, தலைசுற்றல் வந்தால் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மறுபடி கடலில் இறக்கினால் சரியாகும் என்று சொல்கிற பழக்கம் ஆளைக் கொல்லும். அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, எத்தனை மணி நேரத் தொலைவு, யாரிடம் பேச வேண்டும் என்று கடையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கரையில் 108.

டைவிங் முடித்த கையோடு கொடைக்கானல் போகலாமா?

ராமேஸ்வரம், கொடைக்கானல் இரண்டையும் ஒரே சுற்றில் முடிக்கிறவர்கள் நிறைய என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே. அவ்வளவு உயரம் ஏறுவது விமானத்தில் பறப்பதற்குச் சமம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மதுரையில் விமானம் ஏறுகிறவர்களுக்கும் இதே கணக்கு. மலைக்குப் போய்விட்டு அப்புறம் கடலுக்கு வாருங்கள்.

சிலிண்டரைக் காரில் எடுத்துப் போகலாமா?

போகலாம், படுக்கவைத்து, உருளாதபடி கட்டி, வால்வு பின்பக்கம் இடிபடாமல். மதிய வெயிலில் டிக்கியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். 30 டிகிரியில் 200 பார் இருப்பது 60 டிகிரியில் 220 ஆகும். ரயிலில் ஏற்ற முடியாது.

திருப்பிக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முழுக்கக் காலி செய்யாதீர்கள். 20, 30 பார் மிச்சம் இருந்தால்தான் ஈரமும் உப்புத் தண்ணீரும் உள்ளே புகாது. வால்வில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுங்கள். எடுக்கும்போதே சிலிண்டரில் இருந்த கீறலையும் பள்ளத்தையும் போனில் படம் எடுத்து, கடைக்காரர் முன்னிலையிலேயே ரசீதில் குறித்துக்கொண்டால் முன்பணத் தகராறு வராது. மூச்சுக் காற்றில் வாடை வந்தது, தலை வலித்தது என்றால் அதையும் அன்றே சொல்லி, அந்தச் சிலிண்டரின் எண்ணையும் குறித்துக் கொடுங்கள். அதே கம்ப்ரசரில் அன்று நிரப்பிய மற்றச் சிலிண்டர்களை மறுநாள் காலை வேறு யாரோ எடுத்துப் போகப்போகிறார்கள்.